கால் தேறிவிட்டது, ஆள் தேறவில்லை

கொழும்பு சுகததாச உள்ளரங்கில் வலைப்பந்துப் பயிற்சி. முழங்கால் லிகமென்ட் கிழிந்து சத்திரசிகிச்சை செய்த ஒருத்தி பந்தை எட்டிப் பிடித்துக் கீழே இறங்குகிறாள். பிசியோ வைத்த சோதனையெல்லாம் பாஸ். ஆனாலும் பாரம் முழுக்க மற்றக் காலில்தான். "என்ன பயப்பிடுறீர்?" என்று ஓரத்திலிருந்து ஒரு சத்தம்.

முதல் தவறு அந்தச் சத்தம்தான். பயம் கோழைத்தனமல்ல. விழுந்த கணத்தை உடம்பு மறக்கவில்லை; தயங்கினால் தசை இறுகும், கால் வைக்கும் விதமே மாறும். இதை அளக்க 2008 முதல் 12 கேள்விகள் கொண்ட படிவமே இருக்கிறது. இந்தச் சத்திரசிகிச்சை செய்தவர்களில் 81 வீதமானோர் ஏதோவொரு விளையாட்டுக்குத் திரும்பினாலும், போட்டிக்குத் திரும்பியவர்கள் 55 வீதம்தான் என்று 2014இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. மனம் தயாராகாததும் அதற்கு ஒரு காரணம்.

அடுத்தது, திகதி கேட்பது. ஹோர்லிக்ஸ் போத்தலோடு வெள்ளவத்தை வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் "எப்ப கிரவுண்டுக்கு வாறீர்?" என்றுதான் தொடங்குவார்கள். அன்பாகத்தான். ஆனால் விளையாட்டை நம்பியே வேலை கிடைத்தவளுக்கு அது கடன்காரன் கேட்பதுபோல இருக்கும். அவசரப்பட்டு ஒன்பது மாதத்துக்குள் இறங்கினால் மறுபடி காயப்படும் ஆபத்தும் அதிகம். இன்றைக்கு என்ன பயிற்சி செய்தீர் என்று கேட்கலாமே.

"ஓய்வெடுக்கட்டும்" என்று அணியின் வட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிடுவதும் உண்டு. செய்யாதீர்கள். ஸ்கோர் எழுத வர விருப்பமா என்று அவளையே கேளுங்கள். மாட்டேன் என்றால் விடுங்கள்.

பழைய ஆளாகவே திரும்ப வேண்டும் என்ற பிடிவாதமும் தவறுதான்; வேறு விதமாகவும் திரும்பலாம். முழங்கால் தொல்லையால் 2011இல் டெஸ்ட் கிரிக்கெட்டை விட்ட இலங்கைப் பந்துவீச்சாளர் லசித் மாலிங்கதான், 2014இல் இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் தலைவராக நின்று வென்றார்.

கோபம், அழுகை, எரிச்சல் எல்லாம் முதல் வாரங்களில் வரும். அதையெல்லாம் நோயாக்க வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் கெட்டுக் கிடந்தால் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். "உயிரோட இருந்தென்ன" என்று கதைக்கத் தொடங்கினால் அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். பிசியோவுக்கு எடுப்பதுபோலத்தான் இதுவும்.