லெவல் 2 சர்வே: இங்கிலாந்தில் வீடு வாங்கும் முன் செய்ய வேண்டியவை

'சர்வே' என்றதும் நமக்குச் சங்கிலியும் எல்லைக்கல்லும்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடு வாங்கும்போது சொல்லும் சர்வே வேறு. நிலத்தை யாரும் அளப்பதில்லை; கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்பதே இங்குள்ள அடிப்படை. கேட்ட கேள்விக்கு விற்பவர் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். கூரையில் ஓடு நழுவியிருப்பதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. ஸ்காட்லாந்தில் நடைமுறை வேறு: 2008 டிசம்பர் முதல் அங்கே விற்பவர் தரப்பே 'ஹோம் ரிப்போர்ட்' தர வேண்டும்.

வங்கிதான் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டதே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வங்கி பார்ப்பது, கொடுக்கும் கடனுக்கு இந்த வீடு ஈடாகுமா என்பதை மட்டும். சில சமயம் யாரும் வீட்டுக்கே வராமல் கணினியிலேயே அந்த மதிப்பீடு முடிந்துவிடும். அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆர்.ஐ.சி.எஸ். என்ற சர்வேயர்கள் அமைப்பின் தரவிதிகள் 2021 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி சர்வே மூன்று நிலை: லெவல் 1 சுருக்கமானது, லெவல் 3 மிக விரிவானது. நடுவில் இருப்பது லெவல் 2. பழைய பெயர் 'ஹோம்பையர் ரிப்போர்ட்'. வழக்கமான செங்கல் சுவர், ஓட்டுக்கூரை, ஓரளவு பராமரிப்பு என்றால் இது போதும். பழைய வீடு என்பதற்காக மட்டும் லெவல் 3-க்குப் போக வேண்டியதில்லை. ஆனால் விக்டோரியா அரசி காலத்து வரிசை வீட்டில் புகைபோக்கியின் கீழ்ப்பகுதியை இடித்து, கூரைக்கு அடியிலுள்ள பரணை அறையாக்கி, பின்பக்கமும் நீட்டியிருந்தால் கூடுதல் பணம் கொடுத்து லெவல் 3 எடுப்பதே புத்திசாலித்தனம். வார்ப்புக் கான்கிரீட் பலகை வீடு, வைக்கோல் கூரை வீடு, நீங்களே சுவர் இடிக்கத் திட்டமிட்டிருக்கும் வீடு ஆகியவற்றுக்கும் அதுதான். லெவல் 2 கட்டணம் வீட்டின் அளவையும் விலையையும் ஊரையும் பொறுத்து ஏறத்தாழ 400 முதல் 1,000 பவுண்டு வரை வரும்.

விலை பேசி முடிந்ததும் சர்வேக்கு நாள் குறியுங்கள். அறிக்கை வரும்வரை, வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் வழக்கறிஞரான சொலிசிட்டரிடம், உள்ளாட்சிப் பதிவுகளில் வீட்டைப் பற்றிச் செய்யும் தேடல்களுக்குப் பணம் கட்டாமல் நிறுத்திவைக்கச் சொல்லலாம். வீடு கைவிட்டுப்போனால் அந்தச் செலவாவது மிஞ்சும். சர்வேயரை ஆர்.ஐ.சி.எஸ். இணையதளத்தில் தேடுங்கள். பெயருக்குப் பின் எம்.ஆர்.ஐ.சி.எஸ்., எஃப்.ஆர்.ஐ.சி.எஸ்., அசோக்ஆர்.ஐ.சி.எஸ். இவற்றில் ஒன்று இருக்கும். எஸ்டேட் ஏஜென்ட் காட்டும் ஆள் மோசமானவர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏஜென்டுக்குச் சம்பளம் விற்பவர் கையிலிருந்து வருகிறது. அந்த வட்டாரத்து வீடுகளைப் பார்த்துப் பழகியவராக இருந்தால் நல்லது. சர்வேயரின் ஒப்பந்த விதிகளில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பரணுக்குள் ஏறிப் பார்ப்பீர்களா? அறிக்கை வந்தபின் போனில் பேசுவீர்களா? இதில் சந்தை மதிப்பீடு சேர்ந்ததா, சேராததா?

இந்தச் சர்வே எதையும் கழற்றாது. சர்வேயர் கம்பளத்தைத் தூக்க மாட்டார், சோபாவை நகர்த்த மாட்டார், குளிர் தடுக்கப் பரணில் விரித்த பஞ்சை விலக்க மாட்டார். ஏணி எட்டுவது மூன்று மீட்டர் வரை. அதற்கு மேலுள்ள கூரையைத் தரையிலிருந்து தொலைநோக்கியில் பார்ப்பார். கொதிகலனையும் மின்சாரத்தையும் கண்ணால் மட்டும் பார்ப்பார், சோதிக்க மாட்டார். பார்க்க முடியாத இடத்துக்கு அறிக்கையில் 'என்.ஐ.' (நாட் இன்ஸ்பெக்டட், அதாவது பார்க்கவில்லை) என்று இருக்கும். பரண் மூடிக்குக் கீழே ஓர் அலமாரி நின்றால் போதும், முழுப் பரணும் 'என்.ஐ.' ஆகிவிடும். ஆகவே இரண்டு நாள் முன்னதாக ஏஜென்டிடம் சொல்லிவையுங்கள்: பரண் மூடிக்குக் கீழே இடம் விட வேண்டும், கராஜ் சாவியும் மீட்டர் பெட்டிச் சாவியும் வேண்டும், பக்கவாட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும், சாக்கடை மூடி மேல் பூந்தொட்டி இருக்கக் கூடாது.

அறிக்கையில் ஒவ்வொரு பகுதிக்கும் எண் இருக்கும். பச்சை 1: வழக்கமான பராமரிப்பு போதும். மஞ்சள் 2: பழுது பார்க்க வேண்டும், அவசரமில்லை. சிவப்பு 3: கடுமையானது அல்லது அவசரமானது. சிவப்பை எண்ணிப் பதறுவதுதான் முதல் தவறு. அண்மைய சோதனைச் சான்றிதழ் இல்லாததற்காகவே மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் 3 போடும் சர்வேயர்கள் உண்டு. ஒரு சோதனையில் அது தீர்ந்துவிடலாம். கூரைக்குப் போட்ட 2, இரண்டு மூன்று ஆண்டில் அதைவிடப் பல மடங்கு செலவு வைக்கலாம். முதலில் 'என்.ஐ.' எல்லாவற்றையும் அடிக்கோடிடுங்கள். பிறகு 'மேலும் ஆராய வேண்டும்' என்ற வரிகள். எண்களைக் கடைசியில் பாருங்கள்.

அதிகம் குழப்புவது ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். சர்வேயர் கையில் இருப்பது இரண்டு ஊசி முனை கொண்ட சிறு மீட்டர், மரத்தின் ஈரத்தை அளக்கச் செய்தது. சுவரடிப் பலகையில் குத்தினால் வரும் சதவீதத்தை நம்பலாம். சுவர்ப்பூச்சில் குத்தினால் வருவது ஓர் ஒப்பீட்டு எண் மட்டுமே. பூச்சில் உப்புப் படிந்திருந்தாலோ சுவர்த்தாளுக்குப் பின்னால் உலோகத்தாள் இருந்தாலோ, காய்ந்த சுவரிலும் மீட்டர் கத்தும். எனவே 'அதிக ஈர அளவு பதிவானது' என்ற வரியைப் படித்த கையோடு, சுவரில் ரசாயனம் செலுத்தும் நிறுவனத்தைக் கூப்பிடாதீர்கள். அவர்கள் தரும் 'இலவச ஓதப் பரிசோதனை' பெரும்பாலும் விலைப்பட்டியலில் போய் முடியும். எதையும் விற்காத, கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்கும் சர்வேயரைப் பிடியுங்கள்.

அதற்கு முன் நீங்களே வெளியே போய்ச் சுவரடியைப் பாருங்கள். சுவருக்குள் ஓதத்தடுப்பு அடுக்கு ஒன்று ஓடும்: பழைய வீட்டில் ஸ்லேட் கல், புதியவற்றில் தார்த்தாள் அல்லது பிளாஸ்டிக். வெளித்தரை அதற்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர், அதாவது இரண்டு செங்கல் வரி, கீழே இருக்க வேண்டும். பழைய தளத்தை எடுக்காமல் அதன் மேலேயே புதுக் கல் பதித்தால் இந்த இடைவெளி போய்விடும். சுவரடியில் துளைகளோடு இருக்கும் காற்றுச்செங்கல்லைப் பாத்தி மண் மூடினால் மரத்தரைக்குக் கீழே காற்றோட்டம் நின்று உத்திரக்கட்டைகள் உளுக்கும். நடுவில் இடைவெளி இல்லாத கெட்டிச் சுவர் வீட்டில் பழைய சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டால் அடைத்திருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கும். மண்வெட்டி, கூரையோர மழைநீர்க் குழாயைப் பழுதுபார்த்தல், சன்னல் திறக்கும் பழக்கம் ஆகியவற்றால் தீரும் ஓதத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் நிறைய. தரையிலிருந்து ஏறும் ஓதம் பொதுவாக ஒரு மீட்டருக்கு மேல் போகாது. அதற்கு மேலே கறை இருந்தால் கூரையையும் குழாயையும் சந்தேகியுங்கள். அலமாரிக்குப் பின்னால் கறும்பூஞ்சை என்றால் அது பெரும்பாலும் அறைக்காற்றின் ஆவி குளிர்சுவரில் படிந்தது.

விரிசலுக்கு ஓர் அளவுகோல் உண்டு. கட்டட ஆராய்ச்சி நிறுவனமான பி.ஆர்.இ.-யின் வகைப்பாட்டில் 5 மில்லிமீட்டர் வரையிலானவை பெரும்பாலும் பூச்சு வேலை. 5 முதல் 15 வரை என்றால் பொறுப்பாகக் கவனிக்க வேண்டியது, 25-ஐத் தாண்டினால் பேராபத்து. அகலத்தோடு வடிவத்தையும் பாருங்கள். சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் சாய்ந்து ஓடி, மேலே அகன்று கீழே குறுகி, சுவரின் இருபுறமும் தெரிந்தால் அடித்தளம் இறங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். லண்டனின் பெரும்பகுதி களிமண்; வறண்ட கோடையில் சுருங்கும், பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் இன்னும் சுருங்கும். இதற்குக் கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும். கூடவே, முன்பு மண் இறக்கத்துக்குக் காப்பீட்டு இழப்பீடு கேட்டதுண்டா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். நாளை உங்கள் காப்பீட்டு நிறுவனம் அதையே கேட்கும்.

மற்றவை விரைவாக. மின்சாரத்துக்கு, வீட்டு மின்னமைப்பின் நிலையைச் சொல்லும் இ.ஐ.சி.ஆர். சோதனை; கொதிகலனுக்கு, எரிவாயு வேலை செய்வோரின் பதிவேடான 'கேஸ் சேஃப்'-இல் பதிவுபெற்ற ஆள்; சாக்கடைக்குக் கேமரா. அறையின் உட்கூரையில் அலைஅலையான ஆர்டெக்ஸ் பூச்சு 2000-க்கு முந்தையது என்றால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; தொடாதவரை பிரச்சினை இல்லை, சுரண்டும் முன் மாதிரி எடுத்துச் சோதியுங்கள். பரணில் ஓட்டின் அடிப்பக்கம் நுரை பீய்ச்சியிருந்தால் உடனே வங்கியிடம் கேளுங்கள், பல வங்கிகள் அத்தகைய வீட்டுக்குக் கடன் தருவதில்லை.

அறிக்கையில் சட்ட ஆலோசகருக்கென்று ஒரு பகுதி இருக்கும். அதைச் சொலிசிட்டருக்கு நீங்களே அனுப்புங்கள், தானாகப் போகாது. இடித்த சுவர், பரண் அறை ஆகியவற்றுக்குக் கட்டட விதிமுறை ஒப்புதல் உண்டா, 2002 ஏப்ரலுக்குப் பின் மாற்றிய சன்னல்களுக்கு ஃபென்சா (சன்னல் பொருத்துவோருக்கான பதிவுத் திட்டம்) சான்றிதழோ நகராட்சிச் சான்றோ உண்டா என்று அவர் கேட்க வேண்டும். 'இல்லை, ஆனால் இழப்புக் காப்பு பாலிசி எடுத்துத் தருகிறோம்' என்று பதில் வரும். அந்த பாலிசி நகராட்சி நடவடிக்கைக்குத்தான் ஈடு. தாங்கல் இல்லாமல் தொங்கும் புகைபோக்கியை அது தாங்கிப் பிடிக்காது.

விலை குறைக்கக் கேட்பதென்றால் அறிக்கையை மட்டும் அனுப்பிப் பயனில்லை. இரண்டு ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, 'கூரை இவ்வளவு, மின்கம்பி இவ்வளவு' என்று தொகையோடு ஏஜென்டுக்கு அனுப்புங்கள். பார்த்தாலே தெரிந்த பழுதுக்கு விற்பவர் இறங்க மாட்டார், மறைந்திருந்ததற்கு இறங்குவார். இதெல்லாம் ஒப்பந்தம் பரிமாறும் நாளுக்கு, அதாவது எக்ஸ்சேஞ்சுக்கு, முன்பே முடிய வேண்டும். அதுவரை தண்டமின்றி விலகலாம். அதற்குப்பின் விலகினால் வழக்கமாக விலையில் 10 சதவீத முன்பணம் போய்விடும். மதிப்பீடு சேர்ந்த சர்வே எடுத்திருந்தால் அதில் மறுகட்டுமானச் செலவு என்றொரு தொகை இருக்கும். அது சந்தை விலை அல்ல. வீடு எரிந்துபோனால் திரும்பக் கட்ட ஆகும் செலவு. கட்டடக் காப்பீட்டை அந்தத் தொகைக்கு எடுத்து, சாவி வாங்கும் நாளிலிருந்து அல்லாமல் எக்ஸ்சேஞ்ச் நாளிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.