புகையானின் பி450 மரபணுக்களில் கோடான் கணக்கு: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

பிசான நெல்லில் புகையான் விழுந்தால் பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்துபோகும். அம்பாசமுத்திரம் பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இமிடாகுளோபிரிட் மருந்துக்கு இந்தப் பூச்சி அசராமல் போனதில் நஞ்சைச் சிதைக்கும் நொதிகளான சைட்டோக்ரோம் பி450 குடும்பத்தின் சிஒய்பி6ஈஆர்1 (CYP6ER1) மரபணுவுக்குப் பெரிய பங்குண்டு. விலங்கியல் படிக்கிற பிள்ளைகள் புராஜெக்ட்டுக்குத் தாராளமாக இந்தக் குடும்பத்தை எடுக்கலாம். ஆய்வகம் வேண்டாம், ஒரு மடிக்கணினி போதும்.

மரபணுவில் ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கிற மூன்றெழுத்துத் தொகுதிதான் கோடான். மொத்தம் 64 கோடான்கள். புரதம் முடியும் இடத்தைக் காட்டும் நிறுத்தக் கோடான் 3 போக மிச்சம் 61. அமினோ அமிலமோ 20தான். ஆக, ஒரே அமிலத்துக்குப் பல கோடான். அதில் பூச்சி எதை அதிகம் எடுக்கிறது, அதாவது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே கேள்வி.

படி 1: மரபணு வரிசைகளைச் சேர்த்து வைத்திருக்கும் என்சிபிஐ (NCBI) தளத்தில் புகையானின் அறிவியல் பெயரான நிலபர்வதா லூஜென்ஸ் (Nilaparvata lugens), பி450 (P450) என்று தேடி, புரதமாக மாறும் சிடிஎஸ் (CDS) பகுதியை மட்டும் ஃபாஸ்டா (FASTA) என்ற எழுத்துக் கோப்பாக இறக்குங்கள்.

படி 2: சலித்தெடுங்கள். பாதி பேர் இதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். பிறகு வரும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. வரிசை தொடக்கக் கோடானான ஏடிஜியில் (ATG) தொடங்க வேண்டும், நிறுத்தக் கோடானில் முடிய வேண்டும், நீளம் மூன்றால் மீதியின்றி வகுபட வேண்டும், நடுவில் நிறுத்தம் வரக்கூடாது. பி450 புரதம் ஏறத்தாழ 500 அமினோ அமிலம். 200 கோடானில் முடிகிற துண்டைத் தூக்கிப் போடுங்கள். ஒரே மரபணுவுக்குப் பல வடிவம் இருந்தால் ஒன்றுதான் கணக்கில் வரும்.

படி 3: ஆர்எஸ்சியூ (RSCU), அதாவது ஒரு கோடான் சரிசமப் பங்கைவிட எத்தனை மடங்கு வருகிறது என்ற கணக்கு. ஒரு தடவையாவது கையால் போடுங்கள். லியூசினுக்கு ஆறு கோடான்: டிடிஏ, டிடிஜி, சிடிடி, சிடிசி, சிடிஏ, சிடிஜி. ஒரு மரபணுவில் லியூசின் 48 இடத்தில் வருவதாக வையுங்கள். சரிசமமாகப் பிரித்தால் ஆளுக்கு 8. டிடிஜி 16 தடவை வந்தால் 16/8 = 2; சிடிஏ 4 தடவை வந்தால் 0.5. ஒன்றுக்கு மேல் போனால் விருப்பக் கோடான். ஆறையும் கூட்டினால் 6 வர வேண்டும், வராவிட்டால் எண்ணிக்கையில் பிசகு. மெத்தியோனினுக்கும் டிரிப்டோபேனுக்கும் ஒரே கோடான், விட்டுவிடுங்கள்.

மற்ற கோடான்களை எம்பாஸ் (EMBOSS) மென்பொருள் தொகுப்பின் கஸ்ப் (cusp) நிரல் எண்ணித் தரும்; ஆர்எஸ்சியூவை அந்த எண்ணிக்கையிலிருந்து நீங்கள் போட வேண்டும்.

படி 4: அதே தொகுப்பின் சிப்ஸ் (chips) நிரல், ரைட் என்ற ஆய்வாளர் 1990இல் தந்த ஈஎன்சி (ENC) மதிப்பைச் சொல்லும்; மரபணு உண்மையில் எத்தனை கோடான்களைப் பயன்படுத்துகிறது என்பதன் அளவு அது. 20 என்றால் உச்சச் சாய்வு, 61 என்றால் சாய்வே இல்லை. கோடானின் மூன்றாம் இடத்து ஜிசி விகிதத்தை (அந்த இடத்தில் ஜி, சி எழுத்துகள் வரும் பங்கு) கிடையச்சிலும் ஈஎன்சியைச் செங்குத்திலும் வைத்து, ஜிசி விகிதம் மட்டுமே காரணமானால் ஈஎன்சி எவ்வளவு இருக்கும் என்று காட்டும் ரைட்டின் எதிர்பார்ப்புக் கோட்டையும் வரையுங்கள். புள்ளிகள் கோட்டை ஒட்டியே இருந்தால் சாய்வுக்குச் சடுதிமாற்றப் போக்கே போதுமான காரணம். இயற்கைத் தேர்வு என்று எழுத அவசரப்படாதீர்கள். நன்றாகக் கீழே இறங்கிய மரபணுக்களைத் தனியே குறித்து, அவற்றின் முதல் இரண்டு இடத்து ஜிசி சராசரியை மூன்றாம் இடத்து ஜிசியோடு ஒப்பிடுங்கள்.