மைக்கா, விசிலா? கால்பந்து வேலை தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

கால்பந்தில் வேலை வேண்டும் என்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆசைதான்: கோச் ஆவது, இல்லையென்றால் வர்ணனை சொல்வது. ஆட்டம் தெரிந்தால் இரண்டுமே வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவை.

கேரி நெவிலைப் பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் ரைட் பேக், அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர். ஸ்கை ஸ்போர்ட்ஸில் அவர் ஆட்டத்தைப் பிரித்துக் காட்டும் விதத்துக்கு இங்கிலாந்தே காது கொடுத்தது. தேசிய அணியில் உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தார். 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வலென்சியா அவரைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது. அதற்கு முன் எந்த கிளப்பையும் அவர் நடத்தியதில்லை, ஸ்பானிஷும் பேச வராது. கிளப் உரிமையாளர் பீட்டர் லிம் அவருடைய தொழில் கூட்டாளி என்பது வேறு. ஸ்பெயினின் கோப்பைப் போட்டியான கோபா டெல் ரேயின் அரையிறுதியில் பார்சிலோனாவிடம் 7-0 தோல்வி. லீக்கில் 16 ஆட்டங்களில் 3 வெற்றி. நான்கு மாதம் முடிவதற்குள் வேலை போனது.

அவருக்கு ஆட்டம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் டிவியில் தவறு நடந்து முடிந்த பிறகு, ரீப்ளேயை நிறுத்தி நிறுத்தி விளக்கலாம். பயிற்சியாளரோ அடுத்த ஆட்டத்தில் அது நடக்காதபடி இருபது, இருபத்தைந்து பேரைப் பழக்க வேண்டும், அதுவும் அவர்களுக்குப் புரிகிற மொழியில்.

அடுத்தது பயிற்சியாளர் லைசென்ஸ். இந்தியாவில் கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸில் தொடங்கி, ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, ப்ரோ என்று ஏற வேண்டும். விளையாடியவர்கள் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். ஒரு படியை முடித்த மறுநாளே அடுத்ததில் சேர்ந்துவிட முடியாது. இடையில் அணியோடு வேலை செய்த அனுபவம் கேட்பார்கள், ஆண்டுகள் ஓடும். பிரான்சின் ரெய்ம்ஸ் கிளப்பில் 2022-ல் பொறுப்பேற்ற வில் ஸ்டில்லிடம் ப்ரோ லைசென்ஸ் இல்லை. ஆட்டத்துக்கு 25,000 யூரோ அபராதம். தோற்காமல் ஓடிக்கொண்டிருந்த அணி, கிளப்பும் கட்டியது. நமக்கு யார் கட்டுவார்கள்?

விளையாடியதில்லையே என்று ஒதுங்குவதும் தவறுதான். நாகெல்ஸ்மன் காயத்தால் 20 வயதிலேயே ஆடுவதை விட்டவர், 28 வயதில் ஜெர்மனியின் ஹொஃபென்ஹைம் அணிக்குப் பயிற்சியாளர்.

ஒளிபரப்புப் பக்கம் வந்தால், எல்லோருக்கும் மைக் மட்டும்தான் கண்ணில் படுகிறது. ரீப்ளே வெட்டுபவர், புள்ளிவிவரம் எடுத்துக் கொடுப்பவர், கிராஃபிக்ஸ் போடுபவர், தயாரிப்பாளர் என்று பின்னால் ஒரு கூட்டமே இருக்கிறது. உள்ளே நுழைய அந்தக் கதவுகள்தான் அதிகம். மைக்கே கிடைத்தாலும் பல சமயம் மைதானத்துக்குப் போகப் போவதில்லை, ஸ்டுடியோவில் திரையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வீரர்களின் பெயர்களை முந்தைய நாளே உச்சரித்துப் பழகாதவர் அங்கே தடுமாறுவார். ரேடியோவில் சொல்வதுபோல் ஒவ்வொரு பாஸையும் வாசிப்பது இன்னொரு பழக்கம். பந்து எங்கே என்று பார்ப்பவருக்கே தெரிகிறது, சரி, அது ஏன் அங்கே போனது என்று சொல்லலாமே?

ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் 2017-ல் வந்த பிறகு தமிழில் வாய்ப்பு கூடியது உண்மை. ஆனால் அதில் கிரிக்கெட்டும் கபடியும்தான் பெரும்பங்கு. கால்பந்து மட்டுமே சொல்வேன் என்றால் காத்திருக்க வேண்டிவரும்.

கடைசியாகப் பணம். இந்தியக் கால்பந்து வர்ணனையில் பெரிய பெயரான நோவி கபாடியா, டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராகவும் இருந்தவர். ஒரே லீக்கை நம்பி மாதக் கடனில் இறங்குபவர்கள் 2025-ஐ நினைத்துப் பார்க்கலாம். லீக்கின் வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால், அந்த ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி முதல் அணியின் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தியது. பள்ளி அணிகளிலும் தனியார் அகாடமிகளிலும் சம்பளம் குறைவுதான், ஆனால் இந்த உரிமைச் சண்டை அங்கே வந்து எட்டிப் பார்ப்பதில்லை.