தமிழ் ஆலோசகரைக் கேட்டு வாங்குங்கள்

சிங்கப்பூரிலிருந்து மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பியும், "உனக்கென்னப்பா, வெள்ளியில (சிங்கப்பூர் டாலரில்) சம்பாதிக்கிற" என்று அக்கா சொன்னது ஏன் குத்தியது? அதை மனநல ஆலோசகரிடம் ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் எனக்குப் பாதி நேரம் போய்விட்டது. நீங்கள் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவையோ குடும்பச் சேவை நிலையத்தையோ நாடினால், முதல் அழைப்பிலேயே தமிழ் பேசுபவர் கிடைப்பாரா என்று கேட்டுவிடுங்கள்.

தமிழர் என்றாலே எல்லாம் புரிந்துவிடும் என்றில்லை. இங்கே ஈசூனில் பிறந்து வளர்ந்தவருக்குத் தஞ்சாவூர்ப் பங்காளிச் சண்டை புதுசுதான். நாலு வரி சொன்னால் பிடித்துக்கொள்வார். அப்புறம், அந்த ஆலோசகர் தேக்காச் சந்தையில் எதிரே வந்து நிற்பாரோ என்ற கூச்சமா? எனக்கும் இருந்தது. நாம் சொல்வது யார் யாருக்குப் போகும் என்று முதல் நாளே கேளுங்கள், தப்பில்லை.

உயிரை விடும் எண்ணம் வந்தால் மட்டும் மொழி பார்க்க வேண்டாம்; தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767, 24 மணி நேரமும்.