கைடு தேடுகிறீர்களா? கூகுள் ஸ்காலர் பக்கத்தை இப்படிப் படியுங்கள்

பிஎச்டிக்குக் கைடு தேடும் பலர், ஆராய்ச்சிப் பேப்பர்களைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் எச்-இண்டெக்ஸ் என்ற மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு, இவருக்கு 40, அவருக்கு 12, அப்போ இவர்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வருடக்கணக்கில் ஒருவரிடம் வேலை பார்க்கப் போகிறீர்கள், கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

முதலில், பக்கத்தில் இருப்பதெல்லாம் அவருடைய பேப்பர்தானா என்று பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பெயர்களில் இது பெரிய தொல்லை. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதை ஒரு ஜர்னல் முன்னால் போடும், இன்னொன்று பின்னால் போடும், மூன்றாவது அப்பா பெயரை முழுசாக எழுதிவிடும். எஸ். குமார் என்று எத்தனை பேர் இருப்பார்கள்! ஸ்காலர் தானாகவே பேப்பர்களைச் சேர்க்கும், உரியவர் கவனிக்காமல் விட்டால் வேறொரு குமாரின் பேப்பரும் வந்து உட்கார்ந்துகொள்ளும். மண்ணியல் ஆராய்ச்சியாளர் பக்கத்தில் இதய அறுவை சிகிச்சை பற்றிய பேப்பர் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். அவருக்கு ஆர்கிட் எண் (ஆராய்ச்சியாளருக்கான 16 இலக்க அடையாள எண்) இருந்தால் அதிலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் எச்-இண்டெக்ஸ். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005ல் முன்வைத்த கணக்கு இது. ஒருவருடைய ஐந்து பேப்பர்களுக்கு 50, 20, 6, 4, 1 என்று சைட்டேஷன், அதாவது வேறு பேப்பர்களில் மேற்கோள், கிடைத்திருக்கிறது என்று வையுங்கள். குறைந்தது 4 சைட்டேஷன் வாங்கிய பேப்பர்கள் 4 இருக்கின்றன, 5 வாங்கியவை 5 இல்லை, ஆகவே எச்-இண்டெக்ஸ் 4. முதல் பேப்பர் 50க்குப் பதில் 5,000 வாங்கியிருந்தாலும் அதே 4தான். வருடம் ஆக ஆக இது ஏறுமே தவிர இறங்காது, அதனால் ஓய்வு பெறப்போகும் பேராசிரியரையும் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடமான ஒருவரையும் இதை வைத்து ஒப்பிடுவது அநியாயம். கீழே இருக்கும் பட்டை வரைபடத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அது வருடாவருடம் வந்த சைட்டேஷனைக் காட்டுகிறது, பழைய பேப்பர் ஒன்றே அதை உயர்த்தி வைத்திருக்கலாம். பட்டியலை வருடவாரியாக மாற்றிப் பார்த்தால்தான் இப்போது என்ன எழுதுகிறார் என்று தெரியும்.

இதையெல்லாம்விட முக்கியம் துறை. இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் 1964ல் எழுதிய சில பக்கப் பேப்பருக்கு 2013ல் நோபல் கிடைத்தது. அந்த வேலைக்குப் பிறகு அவர் வெளியிட்டவை பத்துக்கும் குறைவு என்பார்கள். அந்த வேலையால் அவர் பெயர் பெற்ற ஹிக்ஸ் போசான் துகளின் நிறையை அளந்து 2015ல் வந்த பேப்பரில் 5,154 பேர் ஆசிரியர்கள், அத்தனை பேர் கணக்கிலும் அது ஒரு பேப்பர்தான். ஒரே துகள், ஒரே இயற்பியல், அதற்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் என்றால் கணிதத்தையும் மருத்துவத்தையும் எப்படி ஒரே தராசில் வைப்பது? கணிதத்தில் மேற்கோள் பட்டியல் சிறியது, சைட்டேஷனும் மெதுவாகத்தான் வரும், ஆசிரியர் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில் இருக்கும். உயிரியலில் முதல் பெயர் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் லேபின் தலைவர். கணினி அறிவியலில் ஜர்னல் குறைவாக இருந்தால் அது குறையே இல்லை, நியூரிப்ஸ், சிவிபிஆர் மாதிரி மாநாடுகளைத் தேடுங்கள். உங்கள் கல்லூரியில் ஸ்கோபஸ் என்ற கட்டணத் தரவுத்தளம் இருந்தால், துறை, வருடம் எல்லாம் சமன் செய்த சைட்டேஷன் அளவு கிடைக்கும். அதில் 1 என்றால் உலக சராசரி. ஆனால் பேப்பர் குறைவாக இருப்பவருக்கு ஒரே ஒரு பேப்பர் அதைத் தூக்கிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

சரி, இனி அதிகம் சைட் ஆன முதல் சில பேப்பர்களைத் திறங்கள். பிறர் ஆராய்ச்சிகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ பேப்பரா, செய்முறைப் பேப்பரா? புரத அளவைக் கண்டறிய லோரி குழு 1951ல் எழுதிய செய்முறைக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் சைட்டேஷன். பயன்படுத்தியவர்கள் எல்லாம் குறிப்பிடுவதால் வந்தது அது. பிறகு யார் சைட் செய்திருக்கிறார்கள் என்று சொடுக்கிப் பாருங்கள். திரும்பத் திரும்ப அவர் பெயரோ கூட எழுதுபவர்கள் பெயரோ மட்டும் வந்தால் யோசிக்க வேண்டும். ஸ்காலர் சுய சைட்டேஷனையும் சேர்த்தே எண்ணும், ஸ்கோபஸில் அதை நீக்கிப் பார்க்கலாம். 2010ல் சிரில் லாபே என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர், கணினி உளறிக்கொட்டிய பேப்பர்களை ஒன்றையொன்று சைட் செய்ய வைத்து, ஐக் ஆன்ட்கேர் என்ற இல்லாத மனிதருக்கு ஸ்காலரில் எச்-இண்டெக்ஸ் 94 வாங்கிக் காட்டினார். இவ்வளவு எளிதில் ஏற்றக்கூடிய எண்ணை நம்பி உங்கள் இளமையை ஒப்படைக்காதீர்கள்.

திரும்பப் பெறப்பட்ட பேப்பர் ஏதாவது உண்டா என்று ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். இருந்தால் காரணத்தையும் படியுங்கள், சிலர் தாங்களே பிழையைக் கண்டு திரும்பப் பெற்றிருப்பார்கள்.

கடைசியாக, உங்கள் துறையில் முதல் பெயருக்கு மதிப்பு உண்டென்றால், கடந்த சில வருடப் பேப்பர்களில் அந்த இடத்தில் யார் என்று எழுதி வையுங்கள். மாணவர்கள் பெயர் மாறி மாறி வருகிறதா, எல்லாவற்றிலும் கைடே முதலில் நிற்கிறாரா? அந்த மாணவர்களில் இருவருக்கு மெயில் போட்டு, பேப்பர் எழுதி முடிக்க எவ்வளவு காலம் ஆனது, திருத்தம் யார் செய்தார் என்று கேளுங்கள்.