வால்பாறையில் சோலைமந்தியைத் தொந்தரவு செய்யாமல் பார்ப்பது எப்படி?

ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறை போகிறவர்களில் பலர், ஊருக்குக் கொஞ்சம் முன்னால் புதுத்தோட்டம் பக்கம் சாலையோரமாக உட்கார்ந்திருக்கும் சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்குக் கூட்டத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் நடப்பதுதான் சிக்கல். சிப்ஸ் பாக்கெட் வெளியே வரும், செல்போன் வெளியே வரும், குழந்தையைத் தூக்கிக் கிட்டே காட்டுவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் இல்லாத விலங்கு இது, வயதுக்கு வந்தவை சுமார் 2,500 தான் மிஞ்சியிருக்கும் என்கிறார்கள். நீங்கள் தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் உங்களால் அது ரோட்டுக்கு இறங்கிவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். உடம்பு முழுக்கக் கறுப்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிநரைப் பிடரி, வால் நுனியில் குஞ்சம் என்றால் அதுதான் சோலைமந்தி. பிடரி ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்டு, பிறந்த குட்டிக்கு மட்டும் இருக்காது. அதே மலையில் கருமந்தியும் இருக்கிறது, அதற்கு உடம்பு கறுப்பு, தலைமுடி பழுப்பு, வால் மிக நீளம், நுனியில் குஞ்சம் கிடையாது. கோயில்களிலும் பஸ் ஸ்டாண்டுகளிலும் பார்க்கிற நாட்டுக்குரங்கு வேறு. அது மனிதர்களோடு வாழப் பழகியது, சோலைமந்தி அப்படியல்ல, மரத்தின் மேல்தட்டிலேயே வாழ்நாளைக் கழிக்கப் பிறந்தது.

காலையிலும் சாயங்காலம் வெயில் இறங்கும் நேரத்திலும் கூட்டம் சுறுசுறுப்பாக இருக்கும். தரையில் தேடாதீர்கள், அண்ணாந்து பாருங்கள். வெடிப்பலா மரம் பூத்திருந்தாலோ காய்த்திருந்தாலோ அங்கே வர வாய்ப்பு அதிகம், முள்முள்ளான அந்தக் காயைப் பிளந்து விதையை எடுத்துத் தின்னும். பலா மரமும் பிடிக்கும். பழம் மட்டுமே தின்னும் விலங்கு என்று நினைக்க வேண்டாம், மரப்பட்டையை உரித்துப் பூச்சியும் தேடும், பல்லி, தவளை கிடைத்தாலும் விடாது. பைனாகுலர் கொண்டுபோங்கள். அது இருந்தால் கிட்டே போகும் ஆசையே வராது.

சாப்பாடு விஷயத்துக்கு வருகிறேன், இதில் சமரசமே கிடையாது. வாழைப்பழம் கூட வேண்டாம். "பாவம், பசிக்கும்" என்று நினைத்துத்தான் பெரும்பாலோர் கொடுக்கிறார்கள், அந்த மனசு புரிகிறது, ஆனால் ஒரு முறை காரிலிருந்து சாப்பாடு கிடைத்த இடத்துக்குக் கூட்டம் திரும்பத் திரும்ப வரும், அப்படி வரும்போதுதான் வண்டியில் அடிபடுகிறது. வீடுகளுக்குள் புகுந்து அடுப்படியைக் கலைக்கப் பழகும், அங்கே வசிக்கிற தோட்டத் தொழிலாளர்களுக்கும் அதற்கும் பகை மூளும். மனிதரிடமிருந்து நோயும் தொற்றும். வனத்துறையிடம் மாட்டினால் அபராதமும் உண்டு. சாப்பிட்ட இலை, பாக்கெட், மீந்த சோறு எதையும் சாலையோரம் போடாதீர்கள், அதுவும் உணவு கொடுத்த கணக்குத்தான்.

ஒரு சாவு ஏன் இவ்வளவு பெரிய இழப்பு என்று கேட்கலாம். பெண் மந்தி முதல் குட்டி போடவே ஆறு வயது போல ஆகிவிடும், வழக்கமாக ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி, அடுத்த குட்டிக்குச் சில வருடம் இடைவெளி. ஒரு தாய் வண்டியில் அடிபட்டால் அந்தக் கூட்டம் ஈடுகட்ட ரொம்ப நாளாகும். இன்னொன்று, வால்பாறை மேட்டுநிலத்தில் காடு துண்டுதுண்டாகத்தான் இருக்கிறது, நடுவிலெல்லாம் தேயிலை. வளர்ந்த ஆண் குரங்கு பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டம் தேடிப் போக வேண்டும், மரம் மரமாகப் போகப் பாதை இல்லாதபோது எங்கே போகும்? அதனால்தான் புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் வேலை செய்கிற நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் சோலைக்காட்டு மரக்கன்றுகளை வளர்த்து, சிதைந்த துண்டுக் காடுகளில் நட்டும் வருகிறது.

சரி, வண்டி ஓட்டுகிறவருக்கு. அந்தப் பகுதியில் வேகத்தைக் குறையுங்கள். ஒன்று ரோட்டைக் கடந்துவிட்டால் ஆச்சு என்று கிளம்பாதீர்கள், பின்னால் இன்னும் பத்து வரும், குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு வருகிற தாயும் அதில் இருக்கும். ஹாரன் அடிக்க வேண்டாம். நிறுத்தியிருந்தால் கிளப்புவதற்கு முன் இறங்கி வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். குரங்குகளைக் காக்க நிற்கும் காவலர்கள் கை காட்டினால் கேளுங்கள், ஒவ்வொரு கூட்டமும் எந்தப் பக்கம் நகரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கிட்டே வந்துவிட்டால் கண்ணாடியை ஏற்றிவிட்டு அமைதியாக இருங்கள். கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்ப்பது அதற்கு மிரட்டல். பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று குழந்தைகள் குதூகலிப்பார்கள், உண்மையில் அது பயம். பெரிய ஆண் வாயை அகலத் திறந்து கோரைப்பல் தெரியக் கொட்டாவி விட்டால், அது பதற்றத்தில் இருக்கிறது, நீங்கள் பின்வாங்க வேண்டும். கையிலிருந்து எதையாவது பிடுங்கினால் இழுக்காமல் விட்டுவிடுங்கள், கடி வாங்குவதை விட அது மேல். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவைப்படும்.

போட்டோ எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம், செல்ஃபி வேண்டவே வேண்டாம். ட்ரோன் பறக்கவிடாதீர்கள்.

அடிபட்ட குரங்கையோ தனியாக விழுந்து கிடக்கும் குட்டியையோ பார்த்தால் நீங்களே தூக்காதீர்கள், தாயும் கூட்டமும் பக்கத்து மரத்திலேயே இருக்கக்கூடும். மற்ற வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு, வனத்துறைக்கோ அங்கு நிற்கும் காவலருக்கோ சரியான இடத்தைச் சொல்லுங்கள். தங்கும் விடுதியில் குப்பைத்தொட்டிக்கு மூடி இல்லை என்றால் அதையும் உரிமையாளரிடம் கேளுங்கள், விருந்தினர் கேட்டால்தான் அவர்கள் வாங்கி வைப்பார்கள்.