படகு ஏறும் முன், கவிழ்ந்த பின்: கண்மாய் முதல் காரங்காடு வரை

மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் படகு ஏறுவது பெரும்பாலும் விடுமுறையில்தான். கொடைக்கானல் ஏரியில் மிதிபடகு, தேக்கடியில் பெரிய படகு, காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் ஒரு சுற்று. ஏறுபவர்களில் நிறையப் பேருக்கு நீச்சல் தெரியாது. கரையில் நிற்பவர்களுக்கோ காப்பாற்றத் தெரியாது. இந்தக் குறிப்பு இரண்டு தரப்புக்கும்.

1. லைஃப் ஜாக்கெட்டைச் சோதித்து வாங்குங்கள்

உள்ளே இருக்கும் நுரையைக் கட்டைவிரலால் அழுத்திவிடுங்கள். உடனே உப்பிப் பழைய நிலைக்கு வர வேண்டும். ஆட்கள் மேலே உட்கார்ந்து உட்கார்ந்து சப்பையாகிப்போனது ஆளைத் தாங்காது. வெயிலில் வெளுத்து, தையல் பிரிந்திருந்தால் வேறு கேளுங்கள். கொக்கி உடைந்து, வாரை முடிச்சுப் போட்டுக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பெரியவர்களுக்கு மார்புச் சுற்றளவைப் பார்த்து எடுக்க வேண்டும், பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்து. தீபாவளிச் சட்டை மாதிரி ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் ஆபத்து.

வார்களைக் கீழிருந்து மேலாக இறுக்குங்கள். பிறகு கைகளை உயர்த்திக்கொள்ளுங்கள். இன்னொருவர் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து ஜாக்கெட்டை மேலே இழுத்துப் பார்க்கட்டும். காது வரை ஏறினால் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரில் ஜாக்கெட் மேலே வந்துவிடும், ஆள் கீழே நழுவிவிடுவார். சின்னப் பிள்ளைகளுக்குக் கால்களுக்கு இடையே போகும் வாரையும் மாட்டியே ஆக வேண்டும். சேலை கட்டியவர்கள் முந்தானையை இடுப்பில் செருகி, அதற்கு மேல் ஜாக்கெட் போடலாம். துப்பட்டாவைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

2. ஏறுவதும் உட்காருவதும்

ஒவ்வொருவராக, குனிந்தபடி, படகின் நடுவில் கால் வைத்து ஏறுங்கள். விளிம்பை மிதித்தால் படகு உங்கள் பக்கமே சாயும். மிதிபடகில் இடம் மாறி உட்கார வேண்டுமென்றால் கரைக்கு வந்துதான். நடு ஏரியில் எழுந்து நின்று செல்ஃபி எடுக்கவே கூடாது.

பெரிய படகிலும் இதே கணக்குதான். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டிருந்தார்கள். மேல்தளத்தில் ஆள் கூடக் கூடப் படகின் எடை மையம் உயரும். அப்போது கொஞ்சம் சாய்ந்தாலும் நிமிராது. யானை தெரிந்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்கள்.

காரங்காடு, பிரப்பன்வலசைப் பக்கம் கயாக் துடுப்புப் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் காற்று அங்கே நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும். கரையோரம் அலையே இருக்காது, அதை நம்பிப் போனால் திரும்பி வரும்போதுதான் கை ஓய்ந்துபோகும். மற்ற நாட்களில் முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள்; வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். கடலைப் பார்த்து வீசும் நாளில் கரையை ஒட்டியே ஓட்டுங்கள்.

3. கவிழ்ந்துவிட்டால்

படகை விடாதீர்கள். ஃபைபர் படகுகள் பெரும்பாலும் கவிழ்ந்தும் மிதக்கும். தேடி வருபவர்களுக்கு ஆளின் தலையைவிடப் படகு சீக்கிரம் கண்ணில் படும். கரை பக்கத்தில்தான் என்று நீந்தத் தொடங்குபவர்கள் பாதி வழியில் களைத்துவிடுகிறார்கள். ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுங்கள். கொடைக்கானல் மாதிரிக் குளிர்ந்த தண்ணீரில் முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு மிதந்தால் உடல் சூடு மெதுவாகக் குறையும்.

4. கரையிலிருந்து காப்பாற்றுவது

முங்குபவரைக் காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போவது கண்மாய்களில் அடிக்கடி நடக்கிறது. தத்தளிப்பவர் கையில் கிடைப்பதைப் பிடித்து ஏறப் பார்ப்பார். அது உங்கள் கழுத்தாகவும் இருக்கலாம். போதாக்குறைக்கு மண் அள்ளிய பள்ளம், முங்கிக் கிடக்கும் கருவேல முள், ஆகாயத்தாமரைக் கொடி. மடை திறந்திருந்தால் அதன் வாயில் இழுவை வேறு. அதனால் குதிக்காமலே செய்யுங்கள்:

- எட்டும் தூரமென்றால் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு மூங்கில் கம்பு, வேட்டி, சேலை எதையாவது நீட்டுங்கள். நின்றபடி நீட்டினால் உங்களையும் இழுத்துவிடுவார். பாசி பிடித்த படித்துறையில் இது இன்னும் முக்கியம்.
- எட்டாவிட்டால் கயிறு கட்டிய கேனை எறியுங்கள். பெரியவரின் தலை தண்ணீருக்கு மேலே நிற்க ஏறத்தாழ 5 கிலோ தூக்கும் விசை போதும். மூடி இறுக்கிய 5 லிட்டர் எண்ணெய் கேன் அதைத் தந்துவிடும். முழுக்கக் காலியான கேனைக் காற்று திருப்பிவிடும் என்பதால் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடுங்கள்.
- கயிறு 8 முதல் 10 மி.மீ. கனம், 15 முதல் 20 மீட்டர் நீளம். பாலிபுரோப்பிலீன் கயிறு மிதக்கும். நைலான் முங்கிப் போய் முள்ளில் சிக்கும்.
- ஆளைத் தாண்டி, தோளுக்கு மேலாக விழும்படி எறிந்து இழுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

கேனை எறிபவர் எறியட்டும், இன்னொருவர் 101 அல்லது 112-ஐ அழைக்கட்டும். கண்மாய்ப் பெயர், எந்த மடைப் பக்கம், எத்தனை பேர், இந்த மூன்றையும் சொல்ல வேண்டும். கடல் என்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. ஒருவர் ரோட்டில் நின்று வண்டிக்கு வழிகாட்டட்டும். ஆள் முங்கிவிட்டால், கடைசியாகப் பார்த்த இடத்துக்கு நேரே எதிர்க்கரையில் உள்ள பனைமரத்தையோ கோபுரத்தையோ குறித்துக்கொண்டு நின்ற இடத்தைவிட்டு நகராதீர்கள். தள்ளி நிற்கும் இன்னொருவரும் அப்படியே குறித்தால், இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தேடலாம்.

பிரிட்டனில் 1824-இல் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. என்ற கடல் மீட்புத் தொண்டு அமைப்பின் படகுகளில் போவது பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். நம்மூரில் அந்த வேலையைக் கடலில் மீனவர்களும் கண்மாயில் ஊர் இளைஞர்களும் பெயரில்லாமல் செய்கிறார்கள். முறையாகக் கற்க விரும்புபவர்கள் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'ஆப்த மித்ரா' தன்னார்வலர் பயிற்சி பற்றி ஆட்சியர் அலுவலகப் பேரிடர்ப் பிரிவில் விசாரிக்கலாம். அதற்கு முன்பே கேனும் கயிறும் வாங்கி மடைக்கருகே தொங்கவிடலாம், செலவு கொஞ்சம்தான்.

5. கரைக்கு வந்ததும்

தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அழுத்துவதும் கூடாது. வயிற்றில் இருப்பது வாய்க்கு வந்து நுரையீரலுக்குள் போகும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இல்லையென்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்தி வாய்வழியாக 2 முறை காற்று ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு 30 அழுத்தம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில். மறுபடி 2 ஊதல், 30 அழுத்தம். ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி மாற்றித் தொடருங்கள்.

எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீரால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம்.